ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மார்ச் 3, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு, கையே, என்னை மன்னித்துக்கொள். மகள் வாலு இப்போதுதான் தூங்கினாள். காலையில் அவள் சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. என் விரல்கள் மரக்கட்டை மாதிரி. ஒன்றரை வயதுக் குழந்தை, அசையாமல் நின்றாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் முடக்குவாதம்தான் என்றார். மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை எழுதித் தந்தார். "வாரத்துக்கு ஒரே நாள். ஞாயிறுன்னு வச்சுக்கங்க. மறந்தும் தினமும் போட்டுடாதீங்க, ஆபத்து." தலையாட்டினேன். வாரம் முழுக்க வலிக்கிற வலிக்கு ஒரே நாள் மருந்தா? இதை ஏன் அங்கேயே கேட்கவில்லை?

மார்ச் 5

மாமனாருக்குக் கவுட் என்கிற மூட்டுவாதம். பெருவிரல் சிவந்தால் வீடே அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

"எல்லாம் மூட்டுவலிதானம்மா. என் மாத்திரைல ஒண்ணு போட்டுப் பாரேன்."

"உங்களது யூரிக் ஆசிட்டுக்கு மாமா. எனக்கு உடம்பே உடம்போட சண்டை போடுதாம்."

"அப்ப உனக்கு மாத்திரை எதுக்கு? பஞ்சாயத்து வைக்கணும்."

அவருடையது தினமும் போட வேண்டியது. அவரோ நிறுத்திவிட்டார். "போட ஆரம்பிச்சதும்தான் வலியே வந்துச்சு, எவன் போடுவான்?" ஆரம்பத்தில் அப்படி வரும், விடாமல் போடுங்கள் என்று இதே டாக்டர் சொல்லியிருந்தாராம். வலி வந்தாலும் போட வேண்டிய மருந்து ஒன்று, ஆறு நாள் தொடக்கூடாத மருந்து ஒன்று. யாருக்குத்தான் தலை சுற்றாது?

மார்ச் 8, ஞாயிறு

அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்த பிறகுதான் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் படித்தேன். பாலூட்டும் தாய்மார் எடுக்கக் கூடாது.

டாக்டர் கேட்கத்தான் கேட்டார், "குழந்தை பால் குடிக்குதா?" என்று. நான் வாய் திறப்பதற்குள் கூட வந்திருந்த கணவர் முந்திக்கொண்டு, "அதெல்லாம் நிறுத்தியாச்சு சார்." பகலில் நிறுத்தியது உண்மை. இவருக்கு அச்சகத்தில் இரவு வேலை. இரவில் வாலு என்னைத் தேடுவது இவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியுமே. நான் ஏன் பேசாமல் இருந்தேன்? 'இன்னுமா கொடுக்கிறாய்' என்று கேட்பார்கள் என்றா?

பிதுக்கியதை அட்டைக்குள் திரும்ப வைக்க முடியாது. டப்பாவில் போட்டு அலமாரி உச்சியில் வைத்தேன்.

மார்ச் 9

போடவில்லை.

மார்ச் 11

அலுவலகத்தில் ஒரு வீட்டு வரைபடம், சமையலறை மட்டும் பாக்கி. மவுஸைப் பிடித்தால் மணிக்கட்டு கொதிக்கிறது. மருந்தைத் தள்ளிப்போட்டால் விரல்கள் கோணிவிடும் என்கிறார்களே. பாலை நிறுத்திவிட்டு மாத்திரை போடுவதா? வேறு மருந்து இருக்குமா? நேற்று இரவு மடியிலிருந்து நகர்த்திப் பார்த்தேன். தூக்கத்திலேயே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்—

காலையில் இவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை மாத்திரை வேலை செய்யுது பாரு. வீக்கம் வத்தியிருக்கு."

ம் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். இவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "நான்தான முந்திரிக்கொட்டை மாதிரி பதில் சொன்னேன். நீயாவது ஒரு இடி இடிச்சிருக்கலாம்ல? இப்பவே டாக்டருக்கு எழுது."

மாமா சுவரைப் பிடித்தபடி வந்தார். பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. "எழுதறதுதான் எழுதற, எனக்கும் ஒரு வரி போடும்மா. திரும்ப ஆரம்பிக்கலாமான்னு."

"நீங்களா நிறுத்துனதையும் எழுதட்டுமா மாமா?"

"அதையும் போட்டுத் தொலை."

அனுப்பியது இதுதான்:

டாக்டர், அன்று தவறாகச் சொல்லிவிட்டோம். குழந்தை இரவில் இன்னும் என்னிடம் பால் குடிக்கிறாள். மாத்திரையை நான் இதுவரை போடவில்லை. கை வலி கூடியிருக்கிறது. பாலை நிறுத்தத்தான் வேண்டுமா, அவள் குடிக்கும்போதே நான் எடுக்கக்கூடிய மருந்து உண்டா? என் மாமனார் கவுட் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார், இப்போது கால் வீங்கியிருக்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும்? நாளை மறுநாள் ஞாயிறு. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.