ரெண்டு மெஷினா, ஒண்ணா

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

எங்க தையல் கடைக்கு மெஷின் பாக்க நானும் தங்கச்சி செல்வியும் வேலூர் போனோம். டீ-ஷர்ட் ஓரம் அடிக்க ஓவர்லாக், கீழ மடிச்சித் தைக்க ஃபிளாட்லாக். ரெண்டும் சேந்த மெஷினையும் கடைக்காரர் காட்டினார். வேலைக்கு வேலை நூலைக் கழட்டி மாத்திக் கோக்கணும், பேஜார்.

"தனித்தனியாவே வாங்கலாம்டி, ஆளுக்கு ஒண்ணுல உக்காரலாம்"னேன்.

"இந்த ஒண்ணே போதும்க்கா. மாத்தி மாத்தி நீயே தைச்சிக்கலாம்"னா.

காசு மிச்சம் பாக்கறான்னு நெனச்சி அங்கயே சண்டை போட்டேன். பஸ்சு கண்ணமங்கலம் தாண்டினப்பதான் உறைச்சிது. கடை வெச்ச நாள்லேர்ந்து அவ 'நாம'ன்னுதான் பேசுவா, இன்னிக்கிதான் 'நீயே'ன்னா.

"எங்கடி போகப்போற?"ன்னு கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா.

வீட்டுக்கு வந்து கடைக்காரருக்குப் போன் பண்ணேன். அந்த ஒண்ணையே அனுப்பச் சொல்லிட்டேன்.