றெஜியைக் கடலுக்கு விட்டிட்டன், அம்மா

என் ஆசை அம்மாவுக்கு,

இன்று விடியக்காலை உங்கள் பேச்சை மீறிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, "மெற்றில்டா, தம்பியைக் கடலுக்கு விட்டிடாதை" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கதைக்கவில்லை. அந்தத் தம்பியைத்தான் இன்று விட்டேன். புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்து, நானேதான் விட்டேன்.

கோபிக்காதேங்கோ. முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபியுங்கோ. உயிரோடு இருந்தபோது நான் சொன்ன ஒரு கதையையாவது முழுக்கக் கேட்டிருப்பீர்களா? பாதியில் செபமாலையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவீர்கள். இப்போது எங்கே எழும்பிப் போகப் போகிறீர்கள்?

இதை ஊரும் வாசிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமைக் கூட்டம் நடத்தும் பொலிகார்ப் அண்ணைதான், "கோயில் பங்குப் பத்திரிகைக்கு எழுதித் தாரும் பிள்ளை, உங்கட வீடு மாதிரி எத்தினை வீடு கிடக்குது" என்று கேட்டார். உங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். றெஜியிடம் கேட்டேன். "எழுதக்கா. ஊருக்குத் தெரியாததையே எழுதப் போறாய்?" என்றான்.

ஊருக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். றெஜியும் சின்னவன் யூட்டும் ஒரே வள்ளத்தில் போனார்கள். காற்று மாறியது. றெஜி மட்டும் வந்தான். கரையில் நின்ற சனமெல்லாம் ஓவென்று அழுதது. நீங்கள் அழவில்லை. றெஜியின் நனைந்த சேட்டுக் கழுத்தைப் பிடித்து உலுப்பி, "நீ வந்திட்டாய், அவனெங்கை?" என்று கேட்டீர்கள்.

பெற்ற வயிறு அப்படித்தான் கேட்கும். அதற்காக உங்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நீங்கள் ஒருக்காத்தான் கேட்டீர்கள், பிறகு மறந்தும் போனீர்கள். அவனுக்கு அது ஓயவேயில்லை, அம்மா. படுத்தால் கேட்குமாம், வலையைக் கையில் எடுத்தால் கேட்குமாம். குடித்தால் கொஞ்சம் சத்தம் குறையுமாம்.

முதலில் கள்ளு, பிறகு சாராயம், கடைசியில் களவாய்க் காய்ச்சும் கசிப்பு. நீங்கள் வைக்காத நேர்த்தியா? போகாத கோயிலா? ஒரு தவக்காலத்தின் முதல் வெள்ளி அவனைக் குளிக்கச் சொல்லி, வெள்ளைச் சேட்டுப் போடவைத்து, கரையில் உள்ள அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மெழுகுதிரியோடு நானும் பின்னால் வந்தேன். சுரூபத்தின் காலில் அவன் கையைப் பிடித்து வைத்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவன் சொன்னான். "இனிமேல் குடிச்சா என்னைக் கடல் எடுக்கட்டும்."

எங்கள் கரையில் இப்படிச் சத்தியம் வாங்காத தாய்மார் குறைவு. பயந்தால் விட்டுவிடுவான் என்று நினைத்தோம், நானும்தான் நினைத்தேன். ஆனால் ஒரு பிள்ளையைக் கடல் எடுத்த வீட்டில், அந்தச் சொல் உங்கள் வாயில் எப்படி அம்மா வந்தது? வேறு சொல் ஒன்றும் வரவில்லையா?

தவக்காலம் முழுக்க அவன் தொடவில்லை. நீங்கள் பூரித்துப் போய்ப் பாஸ்குத் திருநாளுக்கு உடுக்கப் புதுச்சாரம் வாங்கிக் கொடுத்தீர்கள். உயிர்த்த ஞாயிறு பின்னேரம் சத்தியம் முறிந்தது.

அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. போனால் கடல் எடுக்கும் என்று அவன் பயந்தான், அவனைவிட நீங்கள் பயந்தீர்கள். வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, கரையில் இருந்து ஊராரின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தான். வலை பொத்தியவனுக்குக் கூலியோடு ஒரு கிளாசும் ஊற்றுவது எங்கள் கரைப் பழக்கம். கடலில் போகிறவர்கள் வேலை நேரத்தில் குடிப்பதில்லை, குடி இருப்பதெல்லாம் கரையில். நாங்கள் சத்தியத்தைச் சொல்லி அவனை அந்தக் கரையிலேயே கட்டிப் போட்டோம். நீங்களும் சங்கக்கடையில் வேலை பார்க்கும் கெட்டிக்காரியும், இரண்டு பேருக்கும் இது விளங்கவில்லை பாருங்கோ. அந்தக் கெட்டிக்காரி நான்தான்.

பின்னேரமானால் படலையடியில் நிற்பீர்கள். அவன் வந்ததும் "ஊது பாப்பம்" என்பீர்கள். பிள்ளை குட்டி பெறும் வயதுக்காரன், பள்ளிக்கூடத்துப் பொடியன் மாதிரி வாயைத் திறந்து ஊதுவான். நீங்கள் மணந்து பார்த்துவிட்டு ஒன்றில் கும்பிடுவீர்கள், ஒன்றில் மாரில் அடிப்பீர்கள். சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

உங்கள் செத்தவீட்டிலும் அவன் கோயிலுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். பெற்ற தாயின் பெட்டியைத் தூக்க மகன் வரவில்லை என்று சனம் காறித் துப்பியது. உங்களைப் புதைத்துவிட்டு எல்லோரும் சேமக்காலையை விட்டுப் போன பிறகு வந்து, உங்கள் மண்ணில் குப்புறக் கிடந்தானாம். நான் அதைக் காணவில்லை. கிடங்கு வெட்டியவர்கள் சொன்னார்கள்.

பிறகுதான், குடியை விடப் பார்க்கிறவர்களுக்கும் வீட்டாருக்கும் என்று கோயில் மண்டபத்தில் புதன்கிழமைக் கூட்டம் வந்தது. பொலிகார்ப் அண்ணை மண்டைதீவு ஆள். ஒரு காலத்தில் பெருங்குடிகாரர், இப்போது பெரிய கதைகாரர். முன்பல் இல்லை, சுருதியும் இல்லை, ஆனாலும் தொண்டை கிழியப் பாடுவார். இந்த மனிசன் பாட்டுப் படித்தா என் தம்பியைத் திருத்தப் போகிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. றெஜியை இழுத்துக்கொண்டு போனேன். அவன் மண்டபத்துப் படியோடு நின்றுவிட்டான். மண்டபம் கோயிலோடு ஒட்டியது அல்லவா?

"நான் சத்தியம் முறிச்சனான் அண்ணை. உள்ளுக்கு வர ஏலாது."

பொலிகார்ப் அண்ணை தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார். இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே.

"ஐசே, சத்தியம் முறிச்ச ஆக்கள் உள்ளுக்கு வரக்கூடாதெண்டா, இராயப்பரை எங்கை இருத்துறது?" என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேதுரு என்கிறார்களே, அந்த இராயப்பர். "'செத்தாலும் உம்மை விடன்' எண்டு வீரம் பேசின மனிசன். சேவல் கூவ முதல் 'அந்தாளை எனக்குத் தெரியாது' எண்டு ஆணையிட்டிட்டார். அவரும் எங்களைப் போலக் கடற்தொழில்காரன்தானே? பிறகு ஆண்டவர் என்ன செய்தவர்? கரையில நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைச்சுக்கொண்டு, 'வந்து சாப்பிடுங்கோ' எண்டவர். வாயை மணந்து பாத்தவரே?"

உள்ளே இருந்த பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள், அம்மா. புளியங்கூடலில் இருந்து வந்த ஒரு அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் இண்டைக்குக் காலமையும் மணந்து பாத்துப்போட்டுத்தான் வந்தனான்" என்றா. பிறகு அவவே அழத் தொடங்கிவிட்டா. உலகத்தில் நாங்கள் மட்டும்தான் அப்படிச் செய்கிறோம் என்று நான் நினைத்திருந்தேன். றெஜி அன்று படியில் இருந்து தேத்தண்ணி குடித்தான். உள்ளே வரப் பல புதன்கிழமைகள் எடுத்தன.

அங்கே சத்தியம் வாங்குவதில்லை. "இண்டைக்குப் பாரும். நாளைக்கு வாறது ஆண்டவற்ற பாடு" என்பதுதான் பேச்சு. ஒரு செபம், சுவிசேஷத்தில் ஒரு துண்டு, பிறகு ஒவ்வொருவராய்க் கதைப்பார்கள். ஒருநாள் றெஜி யூட்டைப் பற்றிக் கதைத்தான். "அண்ணா எண்டு ஒருக்காத்தான் கூப்பிட்டவன். நான் திரும்பேக்கை தண்ணிதான் கிடந்தது. குதிச்சனான். தேடினனான். கை ஏலாமல்தான் வள்ளத்தில ஏறினனான்" என்றான். குதித்தானாம், அம்மா. உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நான் அந்தக் கதிரையில் இருந்து குழறி அழுதேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் யூட்டின் ஆண்டுத் திருப்பலி அன்று றெஜி திரும்பக் குடித்தான். முற்றத்தில் விழுந்து கிடந்தான். சின்னம்மா வந்து பார்த்துத் தன் தலையில் கை வைத்தா. "அக்கா இல்லாட்டி என்ன, நீ கூட்டிக்கொண்டு போய்த் திரும்பச் சத்தியம் வாங்கு. இந்தமுறை பலமாய் வாங்கு" என்றா. எனக்கும் கை துடித்ததுதான். அவனை எழுப்பி அந்தோனியாரிடம் இழுத்துக்கொண்டு போனால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். அவன் கிடந்த கிடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு, "சத்தியம் வேண்டாம் அக்கா" என்றான். நான் சின்னம்மாவைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்தநாள் பொலிகார்ப் அண்ணை வந்தார். என் ஆத்திரம் முழுவதையும் அவர் தலையில்தான் கொட்டினேன். "உங்கட செபம் என்ன செய்து கிழிச்சது அண்ணை?" அவர் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "எனக்கும் விளங்கேல்லை பிள்ளை. நானும் கனதரம் விழுந்தனான். ஏன் எழும்பினனான் எண்டும் எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு உள்ளே போய் றெஜியிடம், "புதன்கிழமை வாரும். உம்மட கதிரை கிடக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். றெஜி போனான். தலை நிமிரவில்லை, ஆனால் போனான்.

பாதரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்தான். அப்படிப்பட்ட சத்தியம் ஒருவரையும் கட்டாது, பயப்படாதே என்று பாதர் சொன்னாராம். அவனுக்கு ஆறவில்லை. ஆன்மாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்கு வந்தோமே, நீங்கள் கண்டிருப்பீர்கள். புல்லுப் பிடுங்கி, வெள்ளை மணல் போட்டு, மெழுகுதிரி கொளுத்தினோம். உங்களுக்கும், உடம்பு கிடைக்காத யூட்டுக்கும் சேர்த்து. காற்றுக்குத் திரி அணைய அணைய அவன் திரும்பத் திரும்பக் கொளுத்தினான். அப்போதுதான் சொன்னான்.

"பாதர் விட்டிட்டார் அக்கா. ஆண்டவரும் விட்டிருப்பார். அம்மா விடேல்லையே."

நான் என்ன செய்வேன்? உங்களை எழுப்பிக் கேட்க முடியுமா? கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா? சுற்றி நின்ற சனத்தைப் பார்க்காமல், சத்தமாய்ச் சொன்னேன். "அம்மாவின்ர மூத்த பிள்ளை நான். அம்மாவுக்காக நான் சொல்லுறன். விட்டாச்சு, தம்பி. நீ வந்தது காணும்." அவன் வந்ததே போதும் என்ற அந்தக் கடைசிச் சொல்லை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான். நான் சொன்னது பிழையென்றால், அங்கே வந்து உங்களிடம் பேச்சு வாங்குகிறேன்.

மாரி முடிந்து கடல் அடங்கியதும் அல்போன்ஸ் மாமா தன் வள்ளத்துக்கு அவனைக் கூப்பிட்டார். அதுதான் இன்று. இருட்டோடு எழும்பி, முழந்தாளில் இருந்து செபித்தான். பிறகு போனான். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் குசினிக்கும் படலைக்குமாய் நடந்தேன்.

முற்பகலில் அல்போன்ஸ் மாமா வந்தார். ஒரு கோர்வை மீனைக் கையில் தந்தார். "றெஜியின்ர பங்கு. பொடியன் கை மறக்கேல்லை" என்றார். "அவனெங்கை மாமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது உங்கள் கேள்வி என்று விளங்கியது. "எனக்கு முதலே இறங்கி நடந்தவன். இன்னும் வரேல்லையே?" என்றார் மாமா.

கடல் அவனை எடுக்கவில்லை, அம்மா. அது மட்டும் நிச்சயம். கரைக்குத்தான் எனக்கு இப்போது பயம். வள்ளங்கள் வந்து சேரும் நேரம் அங்கே போத்தலும் திறந்திருக்கும். அந்தோனியாரிடம் போயிருப்பானா? சாட்டிக் கடற்கரைப் பக்கம் போய்த் தனியாய் இருக்கிறானா? இல்லாவிட்டால் கசிப்பு விற்கும் அந்தக் கொட்டிலுக்குள்ளா? நீங்கள் என்றால் இவ்வளவுக்கும் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். எனக்கும் கால் உன்னுகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டு கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிறேன். மீன் குழம்பு வைத்தாயிற்று. சோறு மூடிக் கிடக்கிறது. பின்னேரமாகிறது.

படலை கிறீச்சிடுகிறது, அம்மா. அவன்தான். செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் அந்தச் சத்தம் வேறு ஒருவருக்கும் இல்லை. நேராய் வருகிறானா, தள்ளாடி வருகிறானா என்று என் காது போய்ப் பார்க்கிறது. உங்கள் மகள்தானே நான்.

எப்படி வந்தாலும் இன்றைக்கு அவன் வாயை நான் மணந்து பார்க்கமாட்டேன். "வா தம்பி, சாப்பிடு" என்பதுதான் என் வாயில் வரும் முதல் சொல். சத்தியம் பண்ணவில்லை அம்மா, இந்த வீட்டில் இனி அது வேண்டாம். இன்றைக்கு என்றுதான் சொல்கிறேன். நாளைக்கும் சொல்லப் பார்க்கிறேன்.

சோறு போட எழும்புகிறேன்,
உங்கள் மூத்த பிள்ளை, றெஜிக்கும் யூட்டுக்கும் அக்கா
மெற்றில்டா