பின் இடது, பின் வலது

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக் கடையில் இன்றும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தால், காலையில் விட்டுப்போன அதே சோபா மூலையில் அவர். தண்ணீர் கொடுத்தேன். "தேங்க்ஸ்" என்றார். கட்டின பெண்டாட்டிக்கு எதற்கு தேங்க்ஸ்?

அவருக்குப் பார்வை போய் ஐந்து மாதம். கூடவே கோபமும் போய்விட்டது. குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் வாய் திறக்காமல் சாப்பிடுகிற இந்த மனுஷனை எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

அவராகவே ஒன்று கேட்டார்! வீடு மாறியதிலிருந்து சோபாவுக்குப் பின்னால் வைக்கிற இரண்டு ஸ்பீக்கர்கள் பெட்டியிலேயே கிடக்கின்றன. "அதை மாட்டினா நான் திரும்ப கேம் ஆடலாம். ஆள் எந்தப் பக்கத்துல வர்றான்னு காதே சொல்லிடும்."

பாழடைந்த கட்டடத்துக்குள் ஒளிந்திருப்பவர்களைத் தேடிச் சுடுகிற அதே பழைய ஆட்டம்தான். பத்து வருடமாக ஆடியவர், அதன் படிக்கட்டெல்லாம் மனப்பாடம்.

நாத்தனார் போனில், "இப்ப கேம் ஒண்ணுதான் குறைச்சலா?" என்றாள். ஆமாம், அது ஒன்றுதான் குறைச்சல் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

இடுப்பு ஒடிந்துவிட்டது. முன் ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே மாட்டியிருந்தன, பின்னால் உள்ளவைதான் வேலை. அவர் சோபாவில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் டிவி மேஜைக்குப் பின்னால் தூசிக்குள். ஒயரில் எழுதி ஒட்டினால் அவருக்குப் பயனில்லை, அதனால் முடிச்சு: இடதுக்கு ஒன்று, வலதுக்கு இரண்டு. சோபாவைப் பார்த்தபடி உட்கார்ந்து ஒயர்களை இழுத்து முடிச்சுப் போட்டு, எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவரில் சொருகினேன்.

பின்னால் சத்தமே இல்லை.

"கேம் கன்சோலை எதுல மாட்டியிருக்க?"

"டிவியிலதான்."

"அதான். நம்ம டிவி வழியா வந்தா முன்னாடி சத்தம் மட்டும்தான் வரும். கன்சோலை நேரா ரிசீவர்ல மாட்டு. அங்கேருந்து டிவிக்கு ஒரு ஒயர்."

மாட்டினேன். அப்போதும் ஊமை. கன்சோல் செட்டிங்ஸில் இன்னும் 'இரண்டு ஸ்பீக்கர்' என்றே இருந்திருக்கிறது. ஒவ்வொரு வரியாக நான் படிக்க, அவர் "கீழ போ, இன்னும் கீழ, நிறுத்து" என்றார். மாற்றினேன். ஆட்டத்துக்குள் பெய்கிற மழை எங்கள் முதுகுக்குப் பின்னால் பெய்தது. அவர் முகவாயைத் தூக்கிக் கேட்டார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஏழு ஆட்டம். ஏழிலும் செத்தார். காலடிச் சத்தம் கேட்டதும் திரும்புகிறார், முதுகில் சுடுகிறார்கள். கண்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தார். "பரவாயில்ல. நீ இவ்வளவு சிரமப்பட்டதுக்கு தேங்க்ஸ்."

தூக்கி எறியுங்களேன் ஐயா!

மார்ச் 10, செவ்வாய்

தொடவில்லை.

மார்ச் 11, புதன்

சாப்பிடும்போது தட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "காதும் போகுதுன்னு நினைக்கிறேன். படிக்கட்டு இடப்பக்கம்தான் இருக்கு, எனக்குத் தெரியும். அதுல இறங்கி வர்றவன் வலப்பக்கம் கேக்கறான்."

திங்கள்கிழமைக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கினேன். கண்ணுக்கு அலைந்தது போதாதா? இதுவும் போனால் இவரிடம் மிச்சம் என்ன இருக்கும்?

மார்ச் 13, வெள்ளி

அவர் குளிக்கும்போது ரிசீவரில் சோதனைச் சத்தம் போட்டேன். திரையில் 'பின் இடது'. இரைச்சல் வந்தது வலது மூலையிலிருந்து. மறுபடி போட்டேன். அப்படியே.

சோபாவைப் பார்த்தபடி உட்கார்ந்தவளுக்கு இடது எது? அவருக்கு வலது! இடது கண்ணுக்கு, வலது கண்ணுக்கு என்று நாள் முழுக்க மருந்தில் சீட்டு ஒட்டுகிறவள் நான். வெட்கக்கேடு.

இரண்டு நிமிடத்தில் மாற்றியாயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா? இருந்தால் அவர் தன் காதைச் சந்தேகப்பட்டபடியே இருப்பார். சொன்னால் "பரவாயில்ல, தேங்க்ஸ்" என்பார். எது மோசம்?

மார்ச் 14, சனி

காலையிலேயே சொல்லிவிட்டேன். காபி டம்ளரை டக்கென்று கீழே வைத்தார். பிறகு—

"அறிவிருக்கா உனக்கு? ஒரு வாரமா நான் செவிடாயிட்டேன்னு செத்துக்கிட்டு இருக்கேன்! ரெண்டு ஒயர், ரெண்டே ரெண்டு ஒயர், அதைக் கூட…"

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கதவைச் சாத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

உடனே உட்கார்ந்தார். முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவதும். மூன்றாவதில் படிக்கட்டில் காலடி கேட்டதும் சட்டென்று இடப்பக்கம் திரும்பிச் சுட்டார். விழுந்தது அவன்!

நான் சோபாவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எரிச்சலோடு கையை ஆட்டினார்.

"அங்க நிக்காத, தள்ளு. சத்தத்தை மறைக்கற."

தள்ளி நின்றேன்.