ஈர ஜல்லி

ஜூன் 8

அன்புள்ள மண்டைக்கு,

உன் பொடி வந்து சேர்ந்தது. காகித ஆலைக் கசடிலிருந்து எடுத்தது, தண்ணீர் பட்டாலும் தாரை ஜல்லியிலிருந்து பிரியவிடாது என்றெல்லாம் எங்கள் மேலாளரிடம் சொன்னேன். "தம்பி பாசம் தார்ல ஒட்டாதும்மா" என்றார். வழக்கமான சுண்ணாம்பே போதும் என்கிறார். நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து, பேருந்து நிலையச் சாலை வளைவில் உன் கலவையைப் போட அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ஒரே கவலை. மழை முந்திக்கொண்டது. ஜல்லிக் குவியல் நனைந்து கிடக்கிறது. நீ சோதித்ததெல்லாம் காய்ந்த ஜல்லியில்தானே? காயும்வரை நிறுத்தவா? போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய். எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜூன் 15

அக்கா,

லேசான ஈரம் பரவாயில்லை. கலக்கும் சூட்டில் போய்விடும். போட்டுவிடு. இந்த மழையிலேயே முடிவு தெரிந்தால் என் ஆய்வுக் கட்டுரைக்கு நல்லது.

சாப்பிடுகிறேன்.

மண்டை

ஆகஸ்ட் 2

தம்பி,

வளைவு பெயர்ந்துவிட்டது. தார் தோலாக உரிந்து, ஜல்லி கழுவிவைத்த மாதிரி கிடக்கிறது. பால் வண்டிக்காரர் ஒருவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. போய்ப் பார்த்தேன். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். உன்மேல் கோபமில்லை. நீ சொன்னாய், நான் போட்டேன். இரண்டு பேருமாகச் செய்தது.

அக்கா

ஆகஸ்ட் 11

அக்கா,

படித்தேன். கஷ்டமாக இருக்கிறது.

பெயர்ந்த துண்டு ஒன்றை ஈரம் படாமல் பொதிந்து அனுப்பு. எவ்வளவு ஆழத்துக்கு உரிந்தது என்றும் எழுது. அவசரம்.

மண்டை

நவம்பர் 20

தம்பிக்கு,

உன் கட்டுரையை மேலாளர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கிண்டல் செய்யவில்லை. ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். "களப் பொறியாளரின் கவனக்குறைவால் ஈர ஜல்லி பயன்படுத்தப்பட்டது."

களப் பொறியாளர். நம் வீட்டில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அக்கா

மார்ச் 3

அக்கா,

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை.

நனைந்த ஜல்லியில் நானே தாரையும் பொடியையும் கலந்து, கொதிநீரில் போட்டுப் பார்த்தேன். முழுக்க உரிந்துவிட்டது. ஒரு காலைப்பொழுது வேலை. நீ கேட்ட அன்றே செய்திருக்கலாம்.

போடச் சொன்னது நான்தான் என்று இதழுக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். உன் மேலாளருக்கும் ஒரு பிரதி. நீ வேலையை விட்டுவிட்டதாக அவர் பதில் எழுதினார்.

அத்தானுக்குப் போன் செய்தேன். "உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டா, மாப்ளே" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். அக்காவா என்று கேட்டேன்.

குழாய் நின்றது. காத்திருந்தேன்.

பிறகு மறுபடி தண்ணீர் விழத் தொடங்கியது.

தம்பி