கைகுலுக்கலில் வந்த ஐந்நூறு

டிசம்பர் 19, செவ்வாய்

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அக்டோபரிலேயே சொன்னேன். மழை பொய்க்கும், வாத்து வடக்கே மிசூரியைத் தாண்டி இந்தப் பக்கம் வராது, ராய்ஸ் ஆளைக் குறைப்பான். மூன்றும் அப்படியே நடந்திருக்கிறது. வானிலைக்காரன் பட்டம் வாங்கிவிட்டுச் சொல்கிறான். நான் வலது முழங்காலை வைத்துச் சொல்கிறேன். சம்பளம் அவனுக்குத்தான்.

எங்கள் வாத்து வேட்டை விடுதியின் முதலாளி ராய்ஸ் இன்று எங்களையெல்லாம் பூட்ஸ் காயவைக்கிற அறையில் கூட்டினான். அடுத்த சீசனிலிருந்து ஒரு இடத்துக்கு ஒரு கைடுதானாம். மற்ற இடங்களில் ஏற்கெனவே ஒற்றை ஆள். ஆமைக் குட்டையில்தான் இரண்டு பேர் இருக்கிறோம், நானும் என் அக்கா மகள் ட்ரெஸ்ஸாவும். ஆக, கத்தி எங்கள் இரண்டு கழுத்தில் ஒன்றுக்குத்தான்.

"வெர்லன் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஜனவரி முப்பத்தொண்ணு வரைக்கும் பார்ப்பேன். வர்றவங்க யாரைப் பத்தி நல்லதாச் சொல்றாங்களோ அவங்க இருக்கட்டும்," என்றான்.

முப்பத்தெட்டு சீசன். இந்த அர்கன்சா மாநிலத்தில் என் கையைக் குலுக்காத பணக்காரன் இன்னும் பிறக்கவில்லை. ட்ரெஸ்ஸாவுக்கு இது மூன்றாவது சீசன். அரிசி ஆலையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஒரு பெண்ணைக் கைடாக வைத்துக்கொள்ள இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு விடுதி கிடையாது. போனால் அடுப்படியில்தான் விடுவார்கள். ராய்ஸ் பேசி முடிக்கிறவரை அவள் தண்ணீரில் இறங்கப் போடுகிற தன் ரப்பர் உடையின் ஓட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் போக இடமில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

டிசம்பர் 20

ஐந்து பேர், மூன்று வாத்து. டிப்ஸ்: ஊறவைத்த வெண்டைக்காய் ஒரு பாட்டில்.

டிசம்பர் 22, வெள்ளி

லிட்டில் ராக்கிலிருந்து காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் நாலு பேர். பதினொரு வாத்து. நான் இருந்ததால் பதினொன்று. வேறு எவனாக இருந்தாலும் இந்த வானத்துக்கு இரண்டு.

வாத்துக்குத் தெரியாதபடி கட்டிய மறைவுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே ஒருத்தன் மெதுவாகக் கேட்டான். "பெரியவரே, டிப்ஸ் எவ்வளவு குடுக்கறது வழக்கம்?"

இந்தக் கேள்விக்குக் கைடு பதில் சொல்லக் கூடாது. ஆளுக்கு, நாளுக்கு, ஐம்பதிலிருந்து நூறு டாலர் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் நம் வாயால் சொன்னால் பிச்சை. நான் நாயைப் பார்ப்பேன். டீக்கன் நல்ல நாய், அவனும் திரும்பி என்னைப் பார்ப்பான். பிறகு பொதுவாக ஒரு கதை சொல்வேன். இன்று சொன்னது எண்ணெய்க் கிணற்றுக்காரர் ஒருவர் எனக்கு டிரக்கையே சாவியோடு கொடுத்துவிட்டு நடந்தே டல்லஸ் போன கதை. (அவர் கொடுத்தது தொப்பி. நல்ல தொப்பி.) கதை வேலை செய்தது. டிரக்கின் பின்பலகைப் பக்கம் நின்று கைகுலுக்கும்போது உள்ளங்கையில் நாலாக மடித்த நோட்டு. குனிந்து பார்க்கக் கூடாது. உடனே பையில் போடவும் கூடாது. அவர்கள் வண்டி கரையேறித் திரும்புகிறவரை சும்மா நிற்க வேண்டும். எதிரே நின்று எண்ணுகிறவன் கைடே இல்லை.

இருநூற்று நாற்பது. ட்ரெஸ்ஸாவுக்கு நூறு கொடுத்தேன். மீதி அனுபவத்துக்கு.

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா, நாலு மணிக்கு இடுப்பளவு தண்ணியில பொம்மை வாத்தைப் போட்டது நான். ஊதல் ஊதி நிஜ வாத்தை இறக்கினது நான். அந்த ஆளு என்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? 'தங்கச்சி, காபி இருக்கா'ன்னு."

"குடுத்தியா?"

"குடுத்தேன். கை மட்டும் உங்களுதைக் குலுக்கினாரு."

"என் முகராசி அப்படி, கண்ணு," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் சிரிப்பாள்.

டிசம்பர் 25

சீசனுக்கு இடைவேளை. அக்கா வீட்டில் பன்றித்தொடை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பாத்திரம் கழுவும்போது அக்கா சொன்னாள், "டேய், ராய்ஸ் உன் பேச்சைக் கேப்பான். அவளைப் பத்தி நல்லபடியா ஒரு வார்த்தை போட்டு வை."

போடுகிறேன் என்றேன். அவளைப் பற்றி நல்லபடியாகச் சொன்னால் என்னைப் பற்றி யார் சொல்வது? இதை அக்காவிடம் கேட்கவில்லை. நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

ஜனவரி 3, புதன்

களைப்பு. வேறென்ன எழுத?

ஜாக்சனிலிருந்து வந்த ஒருவர் என் கையைப் பிடித்து இரண்டு நிமிடம் குலுக்கினார், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. வண்டி திரும்பியதும் விரித்துப் பார்த்தால் இருபது டாலர் மாதிரியே அச்சடித்த தேவ செய்தித் தாள். 'இதைவிடப் பெரிய செல்வம் பரலோகத்தில்' என்று பின்பக்கம் போட்டிருக்கிறது.

சமையல் செய்கிற லோர்னாவிடம் காட்டினேன். "யோவ் வெர்லன், இதை மளிகைக் கடையில குடுத்துப் பாரு. சில்லறை தந்தா எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா," என்றாள்.

வாத்து வந்தால் கைடு கெட்டிக்காரன், வராவிட்டால் கைடு சோம்பேறி. இரண்டு நாளும் நான் எழுந்தது மூன்று மணிக்குத்தான். நல்ல விருந்தாளி வாத்தை எண்ணிக் கொடுக்க மாட்டான், உழைப்பைப் பார்த்துக் கொடுப்பான். அப்படிப்பட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

ஜனவரி 11, வியாழன்

இன்று நடந்ததை இந்த மாவட்டமே பேசும். நான் சொன்னதால் அல்ல, தானாகவே பேசும்.

மெம்ஃபிஸிலிருந்து பல் டாக்டர் ஹாப்குட், வயது எழுபத்தாறு, அவர் மகன் கிரெய்க், இன்னும் இரண்டு பேர். குட்டையில் தொடையளவு தண்ணீர், ஓரத்தில் கண்ணாடி மாதிரி பனி. எட்டரை மணிக்கு ஒரு பச்சைத்தலை வாத்து அடிபட்டு மரங்களுக்குப் பின்னால் விழுந்தது. மகனும் மற்ற இரண்டு பேரும் அதைத் தேடிப் போனார்கள். பெரியவர் சும்மா நிற்காமல் இரண்டு அடி பக்கவாட்டில் வைத்தார். அங்கே பழைய அடிமரம் அழுகிப்போன குழி. நான் காலையிலேயே எச்சரித்திருந்தேன். ஆள் அப்படியே தலைகுப்புற உள்ளே போனார். ரப்பர் உடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் சிமெண்ட் மூட்டை மாதிரி, மேலே வராது.

நான் மான் மாதிரி பாய்ந்தேன். முழங்கால் என்று ஒன்று எனக்கு இருப்பதே மறந்துபோனது. தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, அவருடைய தோள்வாரைப் பிடித்து, ஒரே கையால் — ஒரே கை — இருநூற்றைம்பது பவுண்டு ஆளைத் தூக்கி நிறுத்தினேன். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர். முதுகில் நாலு அறை. பெரியவர் மூச்சு விட்டார். ட்ரெஸ்ஸாவும் பக்கத்தில்தான் இருந்தாள், உதவியாக.

மகன் ஓடி வந்தபோது நான் அவர் காலரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "வெர்லன் சார், எங்கப்பாவை நீங்க..." என்றான். கரைக்கு வந்ததும் கைகுலுக்கினான், இரண்டு கையாலும். வண்டி திரும்பிய பிறகு விரித்தேன். நூறு டாலர் நோட்டு ஐந்து.

முப்பத்தெட்டு சீசனில் ஒரு கையிலிருந்து இவ்வளவு வந்ததில்லை.

ஜனவரி 12

ட்ரெஸ்ஸாவிடம் இருநூற்றைம்பது நீட்டினேன். சரிபாதி. அனுபவத்துக்கு என்று ஒரு டாலர்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வலது கை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"வேணாம் மாமா."

"ஏன் புள்ள? பாதிக்குப் பாதி."

"டிப்ஸ் யார் கையில இருக்கோ அவங்க சொல்றதுதான் கதை. வச்சுக்குங்க."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் கோபம், கொடுக்காவிட்டாலும் கோபம்.

ஜனவரி 15

குட்டை முழுக்க உறைந்துவிட்டது. வேட்டை இல்லை. கிரெய்க் ராய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். ராய்ஸ் அதைச் சாப்பாட்டு அறையில், தட்டு எடுக்கிற இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறான். 'எங்கள் கைடு வெர்லனுடைய வலிமையான கை' என்று இருக்கிறது. எழுத்து அழகு. மூன்று முறை படித்தேன். தட்டில் இருந்த பிஸ்கட் ரொட்டி ஆறிப்போனது.

ட்ரெஸ்ஸா அதற்குக் கீழே நின்றுதான் தட்டு எடுத்தாள். இடது கையால்.

ஜனவரி 18

பனி. முழங்கால். தூக்கமில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

பனி விட்டது. ஜார்ஜியாவிலிருந்து ஐந்து பேர். கடிதத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள். "அந்தக் கை இதுதானா?" என்று ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள், சந்தையில் மாட்டுப் பல்லைப் பார்க்கிற மாதிரி. நானும் காட்டினேன். கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இந்தத் தடவை ஹாப்குட்டின் எடை முந்நூறு ஆகிவிட்டது.

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது ட்ரெஸ்ஸா ஊதிக்கொண்டிருந்தாள். முப்பது வாத்து வட்டமடித்துக் காலை நீட்டி இறங்கின. அப்படி ஒரு இறக்கத்தை நான் இந்த சீசனில் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நான் ஊதி இப்படி இறங்கி ஆறேழு வருடம் இருக்கும்.

டிப்ஸ் நானூறு. என் கையில்.

ஜனவரி 26, வெள்ளி

ராய்ஸ் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, கணக்கு முடிஞ்ச மாதிரிதான். விருந்தாளி உயிரைக் காப்பாத்தின ஆளை நான் எப்படி அனுப்ப முடியும்? ஆமைக் குட்டை உங்களுக்கு. ட்ரெஸ்ஸாவை லோர்னாகூடப் போட்டுக்கறேன். முப்பத்தொண்ணாம் தேதி போர்டுல எழுதிடறேன்."

சரி என்றேன். இதையும் நான் முன்பே சொல்லியிருந்தேன், ஜெயிக்கப்போவது நான்தான் என்று.

அடுத்த வருடம் நாலு மணிக்குப் பொம்மை வாத்தை யார் போடுவது? உறையில் இருக்கிற பொம்மை எழுபத்திரண்டு. முழங்கால் இன்று முலாம்பழம் அளவுக்கு வீங்கியிருக்கிறது.

லோர்னா மாவு பிசைந்துகொண்டே கேட்டாள், "ஏன்யா, அன்னிக்கு நீ தண்ணியில குதிச்சேன்னு சொன்னியே. காயப்போட வந்தப்ப உன் ரப்பர் உடையில தொடைக்கு மேல ஒரு சொட்டு ஈரமில்லையே?"

சீக்கிரம் காய்ந்துவிடும் வகை என்றேன். அவள் மாவைத் திருப்பிப் போட்டாள்.

ஜனவரி 28

அக்கா தொலைபேசியில் அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

சாயங்காலம் வாத்து சுத்தம் செய்கிற கொட்டகைக்குப் போய் ராய்ஸைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் பேசினேன். வழக்கத்தைவிடக் குறைவு. அவன் கையில் பாதி இறகு பிடுங்கிய வாத்து. நான் முடிக்கிறவரை பிடுங்கவில்லை.

பிறகு ட்ரெஸ்ஸாவிடம் போய் ஐந்நூறையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். என் எதிரேயே விரித்து, ஒவ்வொன்றாக எண்ணினாள். நான் கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரியா இருக்கு," என்றாள்.

மாமா என்று சேர்க்கவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

சீசன் முடிந்து நாலு நாள். பொம்மை வாத்துகளை எடுத்து, சேறு கழுவி, உறையில் போட்டோம். எடுத்தது ட்ரெஸ்ஸா, உறையைப் பிடித்தது நான். வேலை முடிகிற நேரத்தில், "உறையை நல்லா விரிச்சுப் பிடிங்க மாமா, நீங்க பிடிக்கற லட்சணத்துக்கு வாத்து உள்ள போகாது," என்றாள். கேட்க நன்றாக இருந்தது.

ராய்ஸின் போர்டில் ஆமைக் குட்டைக்கு நேரே அவள் பெயர் மட்டும். என் பெயர் கடைசி வரியில், 'வண்டி, நாய்' என்பதற்கு நேரே. விடுதியிலிருந்து கரைவரை ஆட்களைக் கொண்டுபோய் விடுவது. வண்டிக்காரனுக்கு டிப்ஸ் ஐந்து டாலர், சில சமயம் அதுவும் இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னை மாதிரி வண்டி ஓட்ட ஆள் கிடையாது என்பதை வருகிறவர்கள் போகப்போகத் தெரிந்துகொள்வார்கள்.

கிரெய்க்குக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ராய்ஸ் சொல்லியிருக்கிறான். நாலு வரி எழுதிக் கிழித்தேன். நாளைக்கு எழுதுவேன்.

ராய்ஸிடம் சொல்லியாயிற்று, அக்காவிடம் சொல்லியாயிற்று. இந்த டைரி நோட்டுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. இப்போது ஜனவரி பதினொன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். தண்ணீர் சரி, பனி சரி, குழி சரி, தோள்வாரும் சரி. காலரைப் பிடித்தது நான்தான், ஆனால் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பிறகு. தூக்கின கை ட்ரெஸ்ஸாவுடையது. அந்த நேரம் நான் மறைவுக்குள் பலகையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.