பேட்டரிக்கடைக் கை

என் தங்கத்துக்கு,

கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பதறாதே. நீ அங்கே பிரசவ வார்டில் தையலோடு கிடக்கிறாய். இங்கே குழந்தைகள் வார்டில் எனக்கு மண்டை குழம்பிவிட்டது. நம் மகள் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறாள் என்று கேட்டால், "ரத்தத்துல ஆசிட் கூடிடுச்சு" என்கிறார் டாக்டர்.

பேட்டரிக் கடையில் நாள் முழுக்க ஆசிடில் புழங்குகிற கை இது. நேற்று இந்தக் கையால்தானே அவளைத் தூக்கினேன்? ஆறு தடவை சோப்புப் போட்டுவிட்டேன்.

நர்சம்மா சிரித்துவிட்டார். "கிருமித் தொத்து வந்தா அந்த ஆசிட் உடம்புக்குள்ளயே உண்டாகுறதுங்க. மருந்து ஏறுது, மூச்சு தணியுது பாருங்க. பயப்படாம விரலைக் குடுங்க."

தணிகிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, தெரியவில்லை. ஆனால் என் வலது கை விரலைப் பிடித்தவள் இன்னும் விடவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன்.

உன் பேட்டரிக்காரன்