ஆணிப்பலகையின் கயிறு

மதுரை
12.8.1981

அன்புள்ள அப்பாவுக்கு மருதாசலம் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நிற்காமல் ஓடும் லாரியை ஆணிப்பலகை போட்டு நிறுத்த இங்கே போலீஸ்காரர்களைப் பழக்குகிறேன். பலகையை இழுக்கும் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. ஆனால் செய்து காட்டும்போது, காளைக் கயிறு பிடித்த பழக்கத்தில் நானே சுற்றிவிட்டேன். பழக வந்த பனமரத்துப்பட்டி போலீஸ்காரர் செல்லமுத்துவும் அப்படியே சுற்றினார். லாரி டயர் பலகையோடு கயிற்றையும் இழுத்ததில் அவருக்கு வலது கையில் இரண்டு விரல் முறிந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

"நீங்க காட்டுன மாதிரித்தானுங்க புடிச்சேன்" என்று என்னிடம் சொன்னவர், அதிகாரியிடம் தன் தப்பு என்றார். நான் வாய் திறக்கவில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். அம்மாவிடம் சொல்லி எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள், செல்லமுத்துவுக்குத்தான். நான்தான் சோறு ஊட்டுகிறேன். ஒவ்வொரு வாய்க்கும் "உங்களுக்குச் செரமமுங்க" என்கிறார்.

மருதாசலம்